கேட்கும் பீங்கான்



சென்ற இதழில் கர்ப்பகாலப் பராமரிப்பு பற்றிய கட்டுரை வெளிவந்ததிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஏன் அந்தக் குளிர்ந்த ஜெல்லைத் தடவுகிறார்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதிலிருந்து கதிர்வீச்சு ஏதும் வருமா என்று சிலர் கவலைப்பட்டிருந்தீர்கள். மகளோடு ஸ்கேன் அறைக்குள் போன ஒரு தாயார், "பேரப்பிள்ளையின் இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்தேன். டாக்டர் கையில் இருந்த அந்தச் சின்னப் பொருள் எப்படி அதைப் பார்த்தது?" என்று எழுதியிருந்தார். அந்த அம்மாவின் கேள்விக்காகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டேன்.

முதலில் கவலையைத் தீர்த்துவிடுவோம். எக்ஸ்ரே போன்ற கதிர் எதுவும் இதில் கிடையாது. உடலுக்குள் போவது வெறும் ஒலி. நம் காதுக்கு எட்டும் ஒலி நொடிக்கு 20,000 அதிர்வுகளோடு முடிந்துவிடுகிறது. வயிற்று ஸ்கேனில் பயன்படும் ஒலியோ நொடிக்கு 35 லட்சம் அதிர்வுகள் என்ற அளவில் இருக்கும். அந்த ஒலியை உண்டாக்குவதும், அது உறுப்புகளில் பட்டுத் திரும்பும்போது எதிரொலியை வாங்கிக்கொள்வதும் மருத்துவர் கையில் இருக்கும் அந்த ஒரே பொருள்தான். ஆஸ்பத்திரிகளில் அதை 'ப்ரோப்' என்கிறார்கள். பொறியாளர்களுக்கு அது டிரான்ஸ்டியூசர்.

ஸ்கேன் அறையில் எல்லோருடைய கண்ணும் திரையில்தான் இருக்கும். விளம்பரங்களும் திரையைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியுமே பேசும். என் மதிப்பெல்லாம் அந்தப் ப்ரோப்பின் மீதுதான். திரும்பி வரும் எதிரொலியில் அது வாங்கத் தவறியதை எவ்வளவு பெரிய கம்ப்யூட்டராலும் பிறகு மீட்டுத் தர முடியாது. படத்தின் தரம் அந்த உள்ளங்கை அகலப் பொருளுக்குள்ளேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

அதற்குள் இருக்கும் பொருளின் நெருங்கிய உறவு உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. கேஸ் அடுப்பு லைட்டரை 'டக்' என்று அமுக்குகிறீர்களே, அதற்குள் பேட்டரி கிடையாது. ஸ்பிரிங்கால் இயங்கும் சிறு சுத்தியல் ஒன்று ஒரு பீங்கான் துண்டை ஓங்கி அடிக்கிறது. அந்த அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் பிறந்து பொறியாகப் பாய்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தப் பொருள்கள் மறுதலையாகவும் நடந்துகொள்ளும்: மின்சாரம் கொடுத்தால் நானோமீட்டர் கணக்கில் விரிந்து சுருங்கும். மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் அதிரும். அதிர்ந்தால் ஒலி. ஒலி திரும்பி வந்து அதன் மேல் மோதினால் மீண்டும் மின்சாரம். இந்த இரட்டைக் குணம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் பாரிஸில் வாழ்ந்த அண்ணன் தம்பி இருவர். ஜாக் கியூரி, பியேர் கியூரி. ஆண்டு 1880. தம்பிக்கு அப்போது 21 வயது; மேரி கியூரியைச் சந்திக்கப் பல ஆண்டுகள் இருந்தன. குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷெல் உப்பு, கரும்புச் சர்க்கரைப் படிகம் என்று பலவற்றையும் அழுத்திப் பார்த்து, அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் காட்டினார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் வடிவம் மாறவேண்டும் என்று 1881-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் காப்ரியேல் லிப்மன். சகோதரர்கள் உடனே அதையும் சோதித்து உறுதி செய்தார்கள். அதன்பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அது ஆய்வகத்தோடு நின்றுவிட்டது.

வெளியே கொண்டுவந்தது போர். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, பியேர் கியூரியின் மாணவர் போல் லான்ஜவான் கடலுக்கடியில் ஒலி அனுப்பி எதிரொலி பிடிக்கும் வேலையில் இறங்கினார். குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து ஒட்டினார். தனிக் குவார்ட்ஸ் மட்டும் வைத்து அவருக்கு வேண்டிய தாழ்ந்த அதிர்வெண்ணைப் பெற வேண்டுமானால் பல சென்டிமீட்டர் தடிமனுள்ள படிகம் வேண்டும். அதை அசைக்க மிகப் பெரிய மின்னழுத்தமும் வேண்டும். எஃகைச் சேர்த்ததும் மொத்தத் தடிமன் கூடி, மெல்லிய குவார்ட்ஸே போதுமானதாயிற்று. அந்த அமைப்பு இன்றும் சாகவில்லை. நகைக்கடையில் பழைய சங்கிலியை ஒரு சிறு தொட்டித் தண்ணீரில் போட்டு எடுத்து பளபளவென்று தருகிறார்களே, அந்தத் தொட்டிக்கு அடியில் ஒட்டியிருப்பது லான்ஜவான் வகை டிரான்ஸ்டியூசர்தான். நம் மீனவர்கள் விசைப்படகில் மீன்கூட்டம் தேட வைத்திருக்கும் எக்கோ சவுண்டரும் இதே குடும்பம்.

ஆனால் ஸ்கேன் ப்ரோப்பில் குவார்ட்ஸ் இல்லை. அதில் இருப்பது மனிதர் சுட்டெடுத்த பீங்கான். ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து செய்வது. சுருக்கமாகப் 'பி.இசட்.டி.' என்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் இந்தக் கலவையை ஆராய்ந்தார்கள். சிர்க்கோனியமும் டைட்டானியமும் ஏறத்தாழ 52-க்கு 48 என்ற விகிதத்தில் சேரும்போது அழுத்த மின்குணம் திடீரென்று உச்சத்துக்குப் போகிறது என்பதை 1954-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஜாஃபியின் குழு காட்டியது. அந்த விகிதத்தில் பொருளின் உள்ளமைப்பு இரண்டு வடிவங்களுக்கு நடுவே தத்தளித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் சிறு தூண்டலுக்கும் அவ்வளவு பெரிதாக அசைந்து கொடுக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் துறையை ஆள்வது இந்தக் கலவைதான்.

இதைச் செய்யும் விதம் என்னை வியக்க வைக்கிறது. தூள்களைக் கலந்து, முதலில் 800, 900 டிகிரியில் சுட்டு, மறுபடி அரைத்து, அச்சில் வைத்து அழுத்தி, பிறகு 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகி ஓடப் பார்க்கும். ஓடினால் விகிதம் கெட்டுவிடும். எனவே மூடிய பாத்திரத்துக்குள், ஈய ஆவி சூழ்ந்திருக்கும்படி வைத்துச் சுடுகிறார்கள். வெளியே எடுத்துத் தேய்த்து, இருபுறமும் வெள்ளியோ தங்கமோ பூசி மின்முனைகள் ஆக்குகிறார்கள்.

இத்தனையும் முடிந்த பிறகும் அது உயிரற்ற பீங்கான்தான். அழுத்தினால் மின்சாரம் தராது. காரணம், அதற்குள் இருக்கும் கோடிக்கணக்கான நுண்மணிகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து நிற்கிறது. ஒன்று தருவதை இன்னொன்று தின்றுவிடும். எனவே நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிய எண்ணெயில் அதை மூழ்கவைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டாயிரம் வோல்ட் என்ற கணக்கில் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். சூட்டில் இளகிய நிலையில், நுண்மணிகளுக்குள் இருக்கும் மின்திசைப் பகுதிகள் முடிந்தவரை ஒரே திசைக்குத் திரும்புகின்றன. மின்னழுத்தத்தை எடுக்காமலேயே ஆறவிடுகிறார்கள். ஆறியபின் அந்தத் திசை நிலைத்துவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்துதான் அந்தத் துண்டுக்குப் பேசவும் கேட்கவும் தெரியும்.

கற்றதை மறக்கவும் அதற்கு ஒரு வெப்பநிலை உண்டு. வகையைப் பொறுத்து ஏறத்தாழ 190-லிருந்து 360 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் எல்லாத் திசையும் கலைந்துபோகும். அதற்குப் பெயர் கியூரி வெப்பநிலை. பியேர் கியூரியின் பெயர்தான் அது. அந்த எல்லைக்கு வெகு கீழேயே ப்ரோப்புக்குள் இருக்கும் பசைகளும் ரப்பரும் கெடத் தொடங்கிவிடும். அதனால்தான் சாதாரண ப்ரோப்பை அறுவைக் கத்தியைப் போல ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்குவதில்லை. துடைத்தும், அதற்கென்று உள்ள மருந்துக் கரைசல்களைக் கொண்டும் சுத்தம் செய்கிறார்கள்.

இனித் தடிமன். ஒலி அந்தப் பீங்கானுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் வேகத்தில் போகிறது. பீங்கானின் தடிமன் அலைநீளத்தில் பாதியாக இருக்கும்போது அது மிக எளிதாக அதிரும். அந்தக் கணக்கில் வயிற்று ஸ்கேனுக்கான 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது மேலே சொன்ன நொடிக்கு 35 லட்சம் அதிர்வுகளுக்கு, 0.57 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். தைராய்டு பார்க்கும் 10 மெகாஹெர்ட்ஸுக்கு 0.2 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய பீங்கான் தகட்டை உடையாமல் தேய்த்தெடுப்பதே ஒரு கைத்திறன். ப்ரோப் ஒருமுறை தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

தகட்டுக்குப் பின்னால் ஒரு கனத்த கட்டி ஒட்டப்பட்டிருக்கும். எப்பாக்ஸி பிசினில் டங்ஸ்டன் தூளைக் கலந்து உறையவைத்தது. கோயில் மணியை அடித்தவுடன் கையால் பிடித்துக்கொண்டால் ரீங்காரம் நின்றுவிடும் அல்லவா, அந்தக் கையின் வேலையை இது செய்கிறது. பீங்கான் தொடர்ந்து அதிர்ந்துகொண்டே இருந்தால், அருகருகே இருக்கும் இரண்டு சவ்வுகளிலிருந்து வரும் எதிரொலிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும். இரண்டு மூன்று அதிர்வுகளில் அடங்கிவிட்டால்தான் அவை தனித்தனியே தெரியும். இதில் ஒரு விலையும் உண்டு. அதிர்வை அதிகம் அடக்கினால் ஒலியின் பலமும், கேட்கும் நுட்பமும் குறையும். எவ்வளவு அடக்கலாம், எவ்வளவு விடலாம் என்பதில்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் அனுபவமும் அடங்கியிருக்கிறது.

முன்பக்கத்தில் இருக்கும் சிக்கல் வேறு. பொருளின் அடர்த்தியையும் அதில் ஒலி போகும் வேகத்தையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஒலித்தடை என்று பெயர். இரண்டு பொருள்களின் ஒலித்தடை வெகுவாக வேறுபட்டால், அவை சந்திக்கும் இடத்திலேயே ஒலி திரும்பிவிடும். பீங்கானின் ஒலித்தடை நம் தசையுடையதைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. நேரடியாக உடம்பில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆற்றலே உள்ளே போகும். எனவே பீங்கானுக்கும் தோலுக்கும் இடைப்பட்ட ஒலித்தடை கொண்ட மெல்லிய அடுக்கு ஒன்றோ இரண்டோ ஒட்டுகிறார்கள். அதன் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கு. வயிற்று ப்ரோப்பில் அது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தத் தடிமனில் அடுக்கின் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒலி முன்னோக்கிப் போகிறது.

இப்போது ஜெல் கேள்விக்கு வருவோம். மேற்சொன்ன கணக்கையே காற்றுக்கும் தோலுக்கும் போட்டுப் பாருங்கள். உள்ளே நுழைவது ஆயிரத்தில் ஒரு பங்கு. மீதி முழுவதும் திரும்பிவிடும். ப்ரோப்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் தாள் கனத்துக்குக் காற்று இருந்தாலும் திரை இருண்டுவிடும். தோலின் சுருக்கங்களிலும் ரோமத்துக்கு அடியிலும் காற்று இருக்கவே செய்யும். அந்தக் காற்றை விரட்டி இடத்தை நிரப்புவதுதான் ஜெல்லின் வேலை. பெரும்பகுதி தண்ணீர், வழிந்து ஓடாமல் இருக்கக் கெட்டியாக்கும் பொருள் ஒன்று, காயாமல் இருக்க இன்னொன்று. குளிர்ச்சிக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஏ.சி. அறையில் வைத்த பாட்டில் குளிராகத்தானே இருக்கும்? சில இடங்களில் வெதுவெதுப்பாக்கித் தடவுகிறார்கள். கேட்பதில் தவறில்லை.

சில ஸ்கேன்களுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்கும், தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக் காத்திருக்கச் சொல்வதற்கும் பாதிக் காரணம் இதே காற்றுதான். குடலுக்குள் இருக்கும் வாயு ஒலியை மறிக்கிறது. நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளுகிறது. தானும் ஒலி தடையின்றிப் போக வழிவிடுகிறது. வெறும் வயிற்றில் பித்தப்பை நிறைந்திருப்பதால் அதற்குள் கல் இருந்தால் நன்றாகத் தெரிகிறது. வரிசையில் அவஸ்தையோடு காத்திருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் காரணத்தை யாராவது ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொன்னால் அந்த அரைமணி நேரம் சற்று எளிதாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் பீங்கானுக்கு. ப்ரோப்புக்குள் இருப்பது முழுத் தகடு அல்ல. வைரத் துகள் பதித்த வட்டக் கத்தியால் அதை நெடுக அறுத்து வரிசை வரிசையான துண்டுகளாக்கியிருப்பார்கள். பெரும்பாலான ப்ரோப்களில் 128 துண்டுகள்; சிலவற்றில் 192. அறுக்கும் கத்தியின் தடிமன் மில்லிமீட்டரில் முப்பதில், நாற்பதில் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டையும் மறுபடி இரண்டு மூன்றாக நறுக்குவதும் உண்டு. துண்டின் அகலம் தடிமனை நெருங்கிவிட்டால் மேலும் கீழும் அதிர வேண்டியது பக்கவாட்டிலும் ஆடத் தொடங்கும், அதைத் தவிர்க்கத்தான். குறுக்கும் நெடுக்குமாக அறுத்து, இடைவெளியில் எப்பாக்ஸியை ஊற்றி, பிசினுக்குள் நிற்கும் பீங்கான் தூண்களாகச் செய்வது இன்னொரு முறை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நியூன்ஹாம் குழு 1970-களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்த வழி அது. பிசின் கலந்ததால் ஒலித்தடை குறைந்து உடம்போடு இன்னும் நன்றாக ஒத்துப்போகிறது. இன்றைய நல்ல ப்ரோப்கள் பலவற்றில் இந்தக் கலப்புப் பொருள்தான் இருக்கிறது.

துண்டாக்குவதன் பயன் என்ன? ஒவ்வொன்றையும் தனித்தனி நேரத்தில் அதிரச் செய்யலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவிய துண்டுகளின் ஒலி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளியில் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துத் துண்டிலிருந்து அந்தப் புள்ளிக்குத் தூரம் சற்று அதிகம். எனவே அது நடுத்துண்டைவிட ஒரு நொடியின் பத்து லட்சத்தில் முக்கால் பங்குக்கும் குறைவான நேரம் முந்தி அதிர வேண்டும். இந்த நேரக் கணக்கை மாற்றினால் குவியும் ஆழம் மாறும். ஒருபக்கத் துண்டுகளை முதலில் அதிரச் செய்தால் கற்றையே சாய்ந்து போகும். விலா எலும்புகளின் சந்துக்குள் சிறிய ப்ரோப்பை வைத்தபடியே இதயம் முழுவதையும் விசிறி வடிவில் பார்ப்பது இப்படித்தான். ப்ரோப் அசைவதில்லை, ஒலி மட்டும் இடமும் வலமும் திரும்புகிறது.

துண்டுகள் வரிசையாக இருக்கும் திசையில்தான் இந்த வித்தை நடக்கும். மற்றத் திசையில் குவிக்க, எல்லாவற்றுக்கும் மேலே சிலிக்கோன் ரப்பரால் ஒரு லென்ஸ். ப்ரோப்பின் முகத்தில் சற்றே புடைத்த சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிவது அதுதான். தசையில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போகிறது. சிலிக்கோனில் ஏறத்தாழ 1,000 மீட்டர்தான். வேகம் குறைவதால் புடைத்த வடிவம் ஒலியைக் குவிக்கிறது. எடையில் பாதிக்கு மேல் ஈயமான பீங்கான் நம் தோலில் படாமல் காப்பதும் இந்த ரப்பர்தான்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒலி உடலுக்குள் ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப 13 மைக்ரோ நொடி, அதாவது நொடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு, ஆகிறது. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஏறத்தாழ 195 மைக்ரோ நொடி. ப்ரோப் ஒலி எழுப்புவதோ ஒரு மைக்ரோ நொடி அளவுக்குத்தான். ஒரு மைக்ரோ நொடி பேசிவிட்டு, மீதி இருநூறு மைக்ரோ நொடியும் அமைதியாகக் காத்திருந்து கேட்கிறது. பிறகு மறுபடி ஒரு சொல். மறுபடி நெடுநேரக் காத்திருப்பு. இப்படி நொடிக்கு 5,000 முறை. எதிரொலி வந்த நேரத்தை வைத்து ஆழம், அதன் பலத்தை வைத்து வெளிச்சம். ஒவ்வொரு முறையும் படத்தில் ஒரு கோடு உருவாகிறது. நூற்றுக்கு மேற்பட்ட கோடுகள் சேர்ந்தால் ஒரு படம். நொடிக்கு முப்பது, நாற்பது படங்கள் என்றால் இதயம் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பார்த்தது என்று அந்த அம்மா எழுதியிருந்தாரே, உண்மையில் ப்ரோப் தன் ஆயுளில் பெரும்பங்கைக் கேட்பதில்தான் செலவிடுகிறது.

கேட்பதும் எளிதல்ல. ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் ஒலி தேய்கிறது. அதிர்வெண் கூடக் கூடத் தேய்மானமும் கூடுகிறது. 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 15 சென்டிமீட்டர் போய்த் திரும்புவதற்குள், தேய்மானத்தால் மட்டுமே அதன் ஆற்றல் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பல பத்து வோல்ட் கொடுத்து எழுப்பிய ஒலி மைக்ரோவோல்ட் அளவில் திரும்புகிறது. கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸில் நுணுக்கமான படம் எடுக்க முடிவதும், ஆழத்தில் இருக்கும் ஈரலுக்கு அதே ப்ரோப் உதவாமல் போவதும் இதனால்தான். இயந்திரத்தின் பக்கத்தில் மூன்று நான்கு ப்ரோப்கள் தொங்குவது ஆடம்பரத்துக்கு அல்ல.

இந்த ஸ்கேன் மருத்துவத்தின் கதையில் இரும்புத் தொழிற்சாலைகளுக்கு ஒரு பங்கு உண்டு. வார்ப்பிலும் வெல்டிலும் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசோனிக் கருவிகள் வந்துவிட்டிருந்தன. 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இருந்த அத்தகைய கருவியைக் கேட்டு வாங்கி மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். இன்று நாம் சாதாரணமாக 'எக்கோ எடுத்தாச்சா?' என்று கேட்கிறோமே, அதன் பிறப்பு அது.

1955 ஜூலையில் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், அறுவையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் ஆலைக்குப் போனார். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டும் வைத்துக்கொண்டார்கள். கொதிகலனின் வெல்டைச் சோதிக்கும் கருவி, நீர் நிறைந்த கட்டியையும் கெட்டியான கட்டியையும் வெவ்வேறாகக் காட்டியது. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் அவரோடு சேர்ந்து மருத்துவத்துக்கென்றே கருவி அமைத்தார். இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது, அறுவைக்கு வழியில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் அதை வைத்தபோது, அது சினைப்பையில் வளர்ந்த பெரிய நீர்க்கட்டி என்று தெரிந்தது. அகற்றினார்கள், அந்தப் பெண் பிழைத்தார். 1958 ஜூனில் டொனால்ட், ஜான் மக்விகார், பிரவுன் மூவரும் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை உலகெங்கும் மகப்பேறு மருத்துவத்தின் திசையை மாற்றியது.

திருச்சி பெல் ஆலையில் கொதிகலன் வெல்டுகளை இன்றும் அல்ட்ராசோனிக் முறையில் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்று வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன தம்பிகள் நம் வாசகர் வீடுகளிலும் இருப்பார்கள். அவர்களும் இரும்பின் மீது கிரீஸோ பசையோ தடவித்தான் ப்ரோப்பை வைக்கிறார்கள். அங்கேயும் எதிரி அதே காற்று.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பொருள் ஆஸ்பத்திரியில் எப்படி நடத்தப்படுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ப்ரோப்பிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் கேபிளுக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக, நூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. இயந்திரத்தை நகர்த்தும்போது சக்கரம் அந்தக் கேபிள் மீது ஏறினால் சில கம்பிகள் அறுந்துவிடும். கீழே விழுந்தால் பீங்கான் விரிசல் விடும். பொருந்தாத ஸ்பிரிட்டால் தினமும் துடைத்தால் லென்ஸ் காய்ந்து உரியும். படம் ஒரேயடியாகப் போய்விடாது. மெல்ல மங்கும், ஒரு பக்கம் நிழல் விழும், அதுவே பழகிவிடும். 2009-ல் ஸ்வீடனில் வெளியான ஓர் ஆய்வில் 32 மருத்துவமனைகளில் அன்றாடப் பயன்பாட்டில் இருந்த 676 ப்ரோப்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதத்தில் குறை இருந்தது. அத்தனை வசதி உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

எளிய சோதனை ஒன்று உண்டு. நேர்கோட்டு ப்ரோப்பாக இருந்தால், காகிதம் கோக்கும் கிளிப்பை நிமிர்த்தி, அதன் கம்பியை ப்ரோப்பின் முகத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்த்தினால், திரையில் அது இருக்கும் இடத்தில் கோடுகள் தோன்றிக் கூடவே நகரும். எங்கே கோடு மறைகிறதோ அங்கே துண்டு செத்துவிட்டது என்று அர்த்தம். செலவே இல்லாத இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்யும் வழக்கம் எல்லா ஸ்கேன் மையங்களிலும் வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

சொல்லாமல் விட முடியாத இன்னொன்று. உயிரைக் காக்க வந்த இந்தக் கருவியை நம் நாட்டில் பெண் சிசுக்களை அழிக்கவும் பயன்படுத்தினார்கள். அதனால்தான் 1994-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1996 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஸ்கேன் மையச் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று எழுதியிருப்பது அந்தச் சட்டத்தால்தான். ஸ்கேன் இயந்திரம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதன் பகுதி. பாவம், பீங்கானுக்குப் பெண் ஆண் தெரியாது. திருந்த வேண்டியிருந்தது கேள்வி கேட்ட மனிதர்கள்தான்.

புதிய வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. பல மணிகளாக இல்லாமல் ஒரே படிகமாக வளர்த்த பொருள்கள் பழைய பீங்கானைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்குகின்றன. உயர்தர ப்ரோப்களில் அவை ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டன. ஈயம் இல்லாத பீங்கானுக்கான தேடலும் நடக்கிறது. பீங்கானே வேண்டாம் என்று சிலிக்கான் சிப்பின் மீது மத்தளத் தோல் அளவுக்கு எளிய அமைப்பில் நுண்ணிய சவ்வுகளைச் செதுக்கும் முறை 1990-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவானது. அந்த வழியில் ஏறத்தாழ 9,000 சவ்வுகள் கொண்ட, கைபேசியில் செருகிப் பார்க்கும் ப்ரோப்புக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆம்புலன்ஸிலும் மலைக்கிராமத்திலும் இது என்ன மாற்றம் கொண்டுவரும் என்று ஆவலோடு பார்க்கிறேன். நம் நாட்டில் மேற்சொன்ன சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே அது வரமுடியும்; அது சரிதான் என்பது என் எண்ணம்.

நம் வாசகர்களில் பயோமெடிக்கல் இன்ஜினீயர்கள், ஸ்கேன் மையங்களில் வேலை பார்ப்பவர்கள், இந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதங்கள் சொல்கின்றன. அறுந்த கம்பியைக் கண்டுபிடித்து இணைப்பது எப்படி, உரிந்த லென்ஸை மாற்ற முடியுமா, எந்தத் திரவத்தால் துடைத்தால் ப்ரோப் நெடுநாள் உழைக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். வருகிற இதழ்களில் அவற்றுக்கு இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்